வெப்பத்தாள்

இதில் இங்க் கிடையாது.
நகத்தால் கீறிப் பாருங்கள், கறுப்புக் கோடு வரும்.
கறுப்பு தாளுக்குள்ளேயே இருக்கிறது,
சூடு படக் காத்துக்கொண்டு.

அல்சூர் மார்க்கெட்டுக்குப் பின்னால்
இரண்டு மாடி சூப்பர் மார்க்கெட், மூன்றாம் கவுண்டர்,
பதினோரு வருஷம்.
நாளைக்கு முந்நூறு பில், யுகாதி வந்தால் ஐந்நூறு.
கிழித்து, மடித்து, நீட்டி,
விரலை நாக்கில் தொட்டு அடுத்த பையைப் பிரித்து.
பன்னிரண்டே முக்காலுக்கு எலுமிச்சை சாதம்
அதே கையால்.
கொரோனா வருஷத்தில் ஒவ்வொரு ஆளுக்கும் முன்னால்
சானிடைசர் தேய்க்கச் சொன்னார் ஹரீஷ் கௌடா.
அந்த ஈரத்தோடு தொட்டால்
தாளில் இருப்பதைத் தோல் இன்னும் வேகமாய் உறிஞ்சுமாம்.
அவருக்கும் தெரியாது, பாவம்,
அவர் கையிலும் அதே பாட்டில்.

இடது மார்பில், புளியங்கொட்டை அளவு.

ஓசூர் ரோடு ஆஸ்பத்திரியில் ஒரு சின்னப் பெண்
அட்டை வைத்து எழுதிக்கொண்டாள்.
எத்தனை வயதில் பெரியவளானீர்கள்?
குழந்தைகள்? பால் கொடுத்தீர்களா, எத்தனை மாதம்?
அம்மாவுக்கு, சித்திக்கு, யாருக்காவது?
வீட்டில் சிகரெட்?
கையில் என்ன படுகிறது என்று கேட்கவில்லை.
தொழில் என்ற கட்டத்தில்
'பிரைவேட்' என்று போட்டுப் பக்கத்தைத் திருப்பினாள்.

மருந்துக் கவுண்டர் நிலோஃபர்தான் எங்கோ படித்துச் சொன்னாள்.
தாளில் தடவியிருப்பது உள்ளே போனால்
பெண்ணுக்குள் ஊறும் ஹார்மோன் மாதிரியே
வேஷம் கட்டுமாம்.
எனக்கு உடனே புரிந்துவிட்டது:
கள்ள நோட்டு.
என் கவுண்டரில் ஊதா விளக்கு இருக்கிறது,
ஐந்நூறு வந்தால் பிடித்துப் பார்ப்பேன்.
உடம்பு பார்ப்பதில்லை.
நீட்டியதை வாங்கிக் கல்லாவில் போட்டுச்
சில்லறையும் எண்ணிக் கொடுத்துவிடுகிறது.
வளர் என்றால் வளர்கிறது.

"அதனாலதானா டாக்டர்?"
பத்மநாப ராவ் நல்லவர். கண்ணாடியைக் கழற்றினார்.
"அப்படிச் சொல்ல முடியாதும்மா.
இல்லேன்னும் சொல்ல முடியாது.
ஆயிரம் இருக்கு. தண்ணி, டப்பா, கிரீம்,
காய்ல அடிக்கிற மருந்து..."
அந்த ஆயிரமும் என் கவுண்டர் வழியாகத்தான் போகிறது,
ஒவ்வொன்றுக்கும் பில் போட்டிருக்கிறேன்.
இதை யார் பெயரில் போடுவது?

இ.எஸ்.ஐ. ஆபீசில் ஒரிஜினல் கேட்டார்கள்.
பிப்ரவரி ஸ்கேன், பயாப்ஸி, முதல் இரண்டு கீமோ.
பிளாஸ்டிக் உறையில் போட்டு
ஜன்னலோர பீரோ மேல் பத்திரமாக வைத்திருந்தேன்.
எடுத்து நீட்டினால் எல்லாம் வெள்ளை.
கிளார்க் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார், பின்பக்கம் பார்த்தார்.
"ஏனூ இல்லவல்லம்மா" என்றார்.
தாளுக்கு மறந்துவிட்டது.

போன மாதம் வேலைக்குத் திரும்பினேன், தலையில் ஸ்கார்ஃபோடு.
கையுறை போட்டேன்,
கஸ்டமர் பயப்படுவாங்க என்று கழற்றச் சொன்னார்கள்.
புது ரோல் வந்திருக்கிறது.
அட்டையில் பச்சை இலை, 'பிபிஏ இல்லை'.
"அப்ப என்ன இருக்கு?" என்றாள் நிலோஃபர்.
நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தோம்,
அது போடவில்லை.

நேற்று டிராலியில் ஒரு குழந்தை, பல் முளைக்கும் வயது.
அம்மா பர்ஸை மூடுவதற்குள்
பில்லைச் சுருட்டி வாயில் வைத்துச் சப்பியது.
கவுண்டருக்கு மேல் பாய்ந்து பிடுங்கினேன்.
தைத்த இடம் சுரீரென்றது.
குழந்தை வீறிட்டது, வரிசை முழுக்கத் திரும்பியது,
அவள் என்னை முறைத்தாள்,
ஸ்கார்ஃபைப் பார்த்தாள், மறுபடி முறைத்தாள்.
எங்கிருந்து தொடங்குவது?
பின்னால் ஒன்பது டிராலி நிற்கிறது.

"இங்க் இருக்கு மேடம்" என்றேன்.